கம்ப்யூட்டர் சென்டருக்கு ஒரு திறந்த மடல்: அழிச்ச மாட்யூல்களைத் திரும்பக் குடுங்க

கம்ப்யூட்டர் சென்டர் தலைவர் அவர்களுக்கும், கிளஸ்டர் (பல கம்ப்யூட்டரைச் சேர்த்து ஒண்ணா ஓட்டற பெரிய மெஷின்) பத்தி முடிவெடுக்கற கமிட்டில இருக்கற பேராசிரியர்கள் எல்லாருக்கும்,

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு உங்ககிட்டேருந்து ஒரு மெயில் வந்துச்சு. மொத்தமே மூணு வரி. சனி ஞாயிறு மெயின்டனன்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் மாத்தறோம், பழைய மாட்யூல் (சென்டர் ரெடியா கட்டி வெச்ச சாஃப்ட்வேரை பேர் சொல்லி எடுத்துக்கற வசதி) எல்லாம் எடுத்துருவோம், இனிமே சென்டர் சில கம்பைலர் (கோடை மெஷின்ல ஓடற ப்ரோகிராமா மாத்தற டூல்) மட்டும்தான் குடுக்கும், மத்த சாஃப்ட்வேரை யூசர்ஸ் அவங்கவங்க கோண்டாவிலயோ (யூசரே பேக்கேஜ் போட்டுக்கற டூல்) கன்டெய்னர்லயோ (சாஃப்ட்வேரை அதுக்கு வேண்டியதோட ஒரே இமேஜா மூட்டை கட்டறது) பாத்துக்கணும். திங்கக்கிழமை காலைல லாகின் பண்ணி என்னென்ன மாட்யூல் இருக்குன்னு பாக்க மாட்யூல் அவெய்ல்னு அடிச்சேன். முன்னாடி மூணு ஸ்கிரீனுக்கு ஓடற லிஸ்ட் பதினாலு வரில முடிஞ்சிருச்சு.

அன்னைக்கே டிக்கெட் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு "பாலிசி மாறிடுச்சு"னு ஒரு வரி பதில் வந்து டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க. நேர்ல வந்து கேட்டேன், கமிட்டி முடிவுன்னு சொன்னாங்க. கமிட்டிக்கு மெயில் போட்டேன், பன்னெண்டு நாளாச்சு, பதில் இல்ல. அதனாலதான் எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன்.

நான் இங்க நாலாவது வருஷம் பிஎச்டி பண்றேன். என் வேலை மழை. 2023 டிசம்பர் 17, 18-ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பெஞ்ச மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் அப்படியே நின்னுச்சு, உள்ள நூத்துக்கணக்குல ஜனங்க. எங்க ஆச்சி வீடு அந்தப் பக்கம்தான். ரெண்டு நாள் போன் போகல, மூணாவது நாள்தான் ஆச்சி மொட்டைமாடில பத்திரமா இருக்காங்கன்னு தெரிஞ்சுது. அந்த மழை ஏன் அங்கயே நின்னு பெஞ்சுச்சு, மாடல்ல அத எவ்ளோ முன்னாடி பிடிக்க முடியும்ங்கறதுதான் என் தீசிஸ். டபிள்யூஆர்எஃப்னு எழுதி வோர்ஃப்னு சொல்ற வானிலை மாடல். ஒன்பது கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர்னு கட்ட அளவு வெச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு டொமைன் (கணக்கு போடற பகுதி). ஒரு ரன்னுக்கு நாலு நோடு (கிளஸ்டர்ல இருக்கற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு), மொத்தம் நூத்தி அறுபது கோர், கிட்டத்தட்ட முப்பது மணி நேரம். க்யூல நிக்கற நேரம் தனி. அப்படி பதினொரு ரன் முடிச்சு பேப்பர் அனுப்பி, ரிவ்யூவர் நல்லபடியா எழுதி, மைக்ரோஃபிசிக்ஸ் ஸ்கீமை (மேகத்துக்குள்ள மழைத்துளி எப்படி உருவாகுதுன்னு கணக்கு போடற முறை) மாத்தி இன்னும் ரெண்டு ரன் மட்டும் காட்டுங்கன்னு கேட்டிருந்தார். அறுபது நாள் டைம். ரெண்டே ரன், எனக்கு ஒரு வார வேலை.

அந்த திங்கக்கிழமை அந்த ரெண்டு ரன்னும் ஒரு செகண்டுல செத்துப்போச்சு. நெட்சிடிஎஃப் (வானிலை டேட்டா ஃபைலைப் படிச்சு எழுதறது) ஃபோர்ட்ரான் ஷேர்டு லைப்ரரி கிடைக்கல, ஃபைலே இல்லன்னு எர்ரர். ஆமா, இல்லதான், அது இருந்த டைரக்டரியையே நீங்க அழிச்சிட்டீங்க. சரி புதுசா கம்பைல் பண்ணலாம்னா, புது லிஸ்ட்ல நெட்சிடிஎஃப்பே கிடையாது, அதுக்கு அடில வேண்டிய ஹெச்டிஎஃப்5 கிடையாது, ரன்னுக்கு முன்னாடி டேட்டாவை உள்ள எடுக்கறதுக்கு வேண்டிய ஜாஸ்பர் லைப்ரரியும் கிடையாது. எல்லாத்தையும் நானே சோர்ஸ்லேருந்து கட்டணும், ஒண்ணு மேல ஒண்ணா, ஜீலிப், அதுக்கு மேல ஹெச்டிஎஃப்5, அதுக்கு மேல நெட்சிடிஎஃப் சி, அதுக்கு மேல நெட்சிடிஎஃப் ஃபோர்ட்ரான், எல்லாம் ஒரே கம்பைலர்ல. ஃபோர்ட்ரான் பக்கம் கம்பைலர் வெர்ஷன் கொஞ்சம் தள்ளிப்போனாலே "வேற வெர்ஷன் கம்பைலர் உருவாக்கின மாட் ஃபைல், படிக்க முடியல"ன்னு நின்னுரும். வோர்ஃப்போட வழக்கமான பில்டு நெட்சிடிஎஃப்போட சி பாகமும் ஃபோர்ட்ரான் பாகமும் ஒரே டைரக்டரில இருக்கும்னு எதிர்பார்க்கும், அதுவும் தெரியாம மாட்டிக்கிட்டா ஒரு நாள் போச்சு. உங்க பழைய மாட்யூல்ல அத யாரோ ஒருத்தர் அழகா சேர்த்து வெச்சிருந்தாங்க, அவங்க யாருன்னு கூட எனக்குத் தெரியாது. அவங்களோட அந்த அரை நாள் வேலைல எங்க டிபார்ட்மென்டே ஆறு வருஷம் ஓடுச்சு.

நேர்ல கேட்டப்போ ஒருத்தர் சொன்னார், "ரீகம்பைல்தானே பண்ணணும், அதுல என்ன இருக்கு"ன்னு. இதுக்குத்தான் நான் கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும், ஏன்னா கமிட்டில இருக்கற எல்லாரும் தினமும் கிளஸ்டர்ல வேலை செய்யறவங்க இல்ல.

கம்பைலர் வெர்ஷன் மாறினா, ஆப்டிமைசேஷன் மாறினா, எம்பிஐ லைப்ரரி (பல நோடுல ஓடற ப்ராசஸ்கள் ஒண்ணோட ஒண்ணு பேச உதவறது) மாறினா, அதே கோடு அதே இன்புட்டுக்கு கடைசி தசம இடத்துல வேற நம்பர் குடுக்கும். கூட்டற வரிசை மாறுது, ரவுண்டிங் மாறுது. வேற துறைல இது பெரிசில்லாம போகலாம். வானிலைல அப்படி விட முடியாது. 1961-ல எம்ஐடில எட்வர்ட் லாரன்ஸ் 0.506127-க்கு பதிலா 0.506-னு போட்டு மாடலை மறுபடி ஓட்டினப்போ கொஞ்ச நேரத்துல வானிலையே வேற பக்கம் போயிருச்சு, கேயாஸ் பத்தின எங்க பாடமே அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. ஒரு கிலோமீட்டர் ரெசல்யூஷன்ல இடிமழை மேகத்தை நேரடியா கணக்கு போடறப்போ கடைசி தசமத்துல வர்ற வித்தியாசம் பன்னெண்டு மணி நேரத்துல பெரிய மழை விழற இடத்தையே தள்ளி வெச்சிரும். நான் ஒரு ஸ்கீமை மட்டும் மாத்தி, மழை எப்படி மாறுதுன்னு ஒப்பிட்டுக் காட்டணும். பதினொரு ரன் ஒரு பைனரில (கம்பைல் பண்ணி வந்த ப்ரோகிராம்), ரெண்டு ரன் வேற பைனரிலன்னா, அந்த வித்தியாசம் ஸ்கீமால வந்ததா கம்பைலரால வந்ததான்னு ரிவ்யூவர் கேட்டா என்கிட்ட பதில் இல்ல. நேர்மையா செய்யணும்னா பதிமூணு ரன்னையும் புதுசா ஓட்டணும். ரன்னுக்கு 4800 கோர் மணி நேரம், கணக்கு நீங்களே போட்டுக்கலாம். பழைய பதினொண்ணு அப்படியே குப்பைக்கு. அது என் காசு மட்டும் இல்ல, கரண்ட்டு, ஏசி எல்லாம் சேர்த்து நம்ம இன்ஸ்டிட்யூட் காசு.

மாட்யூல்னா சும்மா வசதிக்கு வெச்சிருக்கற ஷார்ட்கட்னு நெனச்சு இந்த முடிவு எடுத்திருப்பீங்களோன்னு எனக்கு சந்தேகம், அதனால அதையும் சொல்லிடறேன். 1991-ல சான் டியேகோல நடந்த லிசாங்கற சிஸ்டம் அட்மின்கள் மாநாட்டுல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பாத்த ஜான் ஃபர்லானி இந்த யோசனையை பேப்பரா வெச்சார். ஒரே மெஷின்ல பல பேர், ஒவ்வொருத்தருக்கும் வேற வேற சாஃப்ட்வேர், ஒரே சாஃப்ட்வேர்ல வேற வேற வெர்ஷன், இத எப்படி யாருக்கும் இடைஞ்சல் இல்லாம குடுக்கறதுன்னு. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு சின்ன ஃபைல், அதுல பாத் (ப்ரோகிராமைத் தேடற இடம்) எது, லைப்ரரி பாத் எது, மேன் பேஜ் எங்கன்னு எழுதியிருக்கும். லோட்னு சொன்னா அதெல்லாம் நம்ம ஷெல்லுக்குள்ள (நாம அடிக்கற கமாண்டை ஓட்டறது) சேரும், அன்லோட்னா சேர்த்தது மட்டும் கழண்டு வந்துரும். ஒரு ப்ரோகிராம் அதக் கூப்பிட்ட ஷெல்லோட சூழலை நேரடியா மாத்த முடியாது, அதனால மாட்யூல்ங்கறது தனி ப்ரோகிராமா இல்லாம ஷெல் ஃபங்ஷனா இருக்கும், பின்னாடி ஒரு ப்ரோகிராம் எழுதிக் குடுக்கற வரிகளை ஷெல்லே தனக்குள்ள ஓட்டிக்கும். முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் உலகம் முழுக்க கிளஸ்டர்கள்ல இதுதான் ஓடுது. டெக்சாஸ் யூனிவர்சிட்டில ராபர்ட் மெக்லே அதே யோசனையை லுவா மொழில எழுதினதுதான் எல்மாட். பிரான்ஸ்ல அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கறவங்க பழைய என்விரான்மென்ட் மாட்யூல்ஸையே எடுத்து 2017-ல நாலாவது வெர்ஷனா புதுப்பிச்சாங்க. பழசாப்போன சமாச்சாரம்னு யாரும் தூக்கிப் போடல.

ஒரு மாட்யூலோட பேரும் வெர்ஷனும் எங்க ஸ்கிரிப்ட்ல இருந்தா, அது சென்டர் எங்களுக்குக் குடுத்த வாக்கு மாதிரி. இந்தப் பேரைச் சொன்னா இந்த சாமான் கிடைக்கும்னு. எங்க தீசிஸ்ல மெத்தட்ஸ் பகுதில அந்த வெர்ஷன் நம்பரைத்தான் எழுதறோம். அத நம்பித்தான் ஒருத்தர் மூணு வருஷம் கழிச்சு வந்து நாங்க செஞ்சதை திரும்ப செஞ்சு பாக்க முடியும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் மாத்தினதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நம்ம பழைய ஓஎஸ் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட அப்டேட் நின்னுபோச்சு, செக்யூரிட்டி ஓட்டை வந்தா அடைக்க ஆள் இல்ல, மாத்தித்தான் ஆகணும். இன்னும் முன்னாடியே செஞ்சிருக்கணும்னு கூட சொல்லுவேன். ஆனா ஓஎஸ் மாத்தறதுக்கும் பழைய சாஃப்ட்வேர் மரத்தையே வேரோட வெட்டறதுக்கும் என்ன சம்பந்தம்? பழைய ஜிலிப்சில (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) கட்டின பைனரி புது ஜிலிப்சில பெரும்பாலும் ஓடும், புதுசுல கட்டினதுதான் பழசுல ஓடாது. இன்ஃபினிபேண்ட் (நோடுங்களை இணைக்கற வேகமான நெட்வொர்க்) டிரைவரோட ஒட்டிக்கிட்டிருக்கற எம்பிஐ, ஸ்லர்மோட (ஜாப்பை க்யூல வரிசைப்படுத்தி ஓட்டற சாஃப்ட்வேர்) பேசற லைப்ரரி, இதுல சிலது உடையும், ஒத்துக்கறேன். அந்த சிலதை மட்டும் புதுசா கட்டியிருக்கலாம். மீதிய ஒரு ஓரமா ரீட் ஒன்லியா விட்டிருக்கலாம். இடம் பத்தலன்னு சொல்லாதீங்க, அழிக்கறதுக்கு முன்னாடி நான் அளவு பாத்திருக்கேன், மொத்த மரமும் 200 ஜிபிக்குள்ளதான். என்னோட ஒரு ரன்னோட அவுட்புட்டே அதவிடப் பெருசு.

இப்ப அந்த "பாத்துக்கணும்"ங்கற வார்த்தைக்கு வர்றேன். என்னை ரொம்ப பாதிச்சது அதுதான்.

கோண்டா யூஸ் பண்ணுங்கன்னு சொல்றீங்க. பைதான் வேலைக்கு நல்ல டூல், நானும் படம் போடறதுக்கு அதத்தான் யூஸ் பண்றேன். ஆனா எங்க ஹோம்ல குடுத்திருக்கறது 50 ஜிபி, அதோட ஃபைல் எண்ணிக்கைக்கும் அஞ்சு லட்சம்னு ஒரு எல்லை. என்னோட ஒரே ஒரு கோண்டா என்விரான்மென்ட்ல எண்ணிப் பாத்தேன், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஃபைல். நாலு வெச்சா முடிஞ்சுது, அஞ்சாவது வெச்சா என் ரிசல்ட் ஃபைலை எழுத முடியாம ஜாப் சாகும். நம்ம ஸ்டோரேஜ் லஸ்டர், பெரிய பெரிய ஃபைலை வேகமா எழுதறதுக்குச் செஞ்சது, குட்டிக் குட்டி ஃபைல் லட்சக்கணக்குல இருந்தா மெட்டாடேட்டா சர்வர்தான் (எந்த ஃபைல் எங்க இருக்குன்னு பாத்துக்கறது) அடி வாங்கும். நூத்தி அறுபது ப்ராசஸ் ஒரே நேரத்துல பைதான் பேக்கேஜை இம்போர்ட் பண்ணா அந்த நேரத்துல மத்தவங்களுக்கு ஃபைல் லிஸ்ட் பாக்க எல்எஸ் அடிச்சா கூட நகராது. முன்னூறு யூசரும் அவங்கவங்க கோண்டா வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அது மட்டும் இல்ல, அனகோண்டா கம்பெனி 2020-ல பெரிய நிறுவனங்கள் காசு குடுத்துத்தான் அவங்க டீஃபால்ட் சேனலை (கோண்டா பேக்கேஜ் எடுக்கற இடம்) யூஸ் பண்ணணும்னு விதியை மாத்துனாங்க. நம்ம இன்ஸ்டிட்யூட் அதுல எங்க வருது, மினிஃபோர்ஜ் போட்டு கோண்டா ஃபோர்ஜ்ங்கற இலவச சேனல்லேருந்து மட்டும் எடுக்கணுமான்னு சென்டர்தானே பாத்துச் சொல்லணும்? மெயில்ல அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

எங்க லேப்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி நீங்க சொன்னதை நம்பி கோண்டா போட்டான். அது கேட்டுச்சேன்னு இனிட் குடுத்தான், பாஷ்ஆர்சில (லாகின் பண்றப்போ தானா ஓடற ஃபைல்) அதோட வரிங்க ஏறிருச்சு, லாகின் பண்ணாலே பேஸ் என்விரான்மென்ட் ஆக்டிவேட் ஆயிரும். அப்புறம் அவன் வோர்ஃப் கம்பைல் பண்ணப்போ நான் கட்டி வெச்ச நெட்சிடிஎஃப்ஐ எடுக்காம கோண்டாக்குள்ள இருந்த நெட்சிடிஎஃப்ஐ எடுத்துக்கிச்சு. கம்பைல் பாதி தூரம் போய் லிங்க் ஆகற இடத்துல நின்னுச்சு. நாலு நாள் அவன் என்ன தப்பு பண்ணான்னு தேடிட்டு இருந்தான், அவன்கிட்ட தப்பே இல்ல. எங்கிட்ட வந்து "அக்கா, எனக்கு இதெல்லாம் வராது போல, வேற டாபிக் எடுத்துக்கவா"ன்னு கேட்டான். சார், மேடம், இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்த மடலை எழுதியிருப்பேன். நல்ல பையன், மேகங்களைப் பத்தி அவ்ளோ ஆசையா பேசுவான். பாத் வேரியபிள்ல எது முன்னாடி நிக்குதுங்கறதுக்காக அவன் துறையை விட்டுப் போகணுமா?

கன்டெய்னர்னா? ஆப்டெய்னர் போட்டிருக்கீங்க, முன்னாடி சிங்குலாரிட்டின்னு பேர் இருந்ததே அதுதான், சந்தோஷம். ஆனா இமேஜ் பில்ட் பண்ண வேண்டிய பர்மிஷன் கிளஸ்டர்ல எங்களுக்கு ஆன் பண்ணல, அதனால வீட்டு லேப்டாப்ல லினக்ஸ் போட்டு பில்ட் பண்ணி மூணு நாலு ஜிபி இமேஜை ஹாஸ்டல் வைஃபைல ஏத்தணும். அது ஏறினாலும் ஒரே நோடுல ஓடும். நாலு நோடுக்கு விரிச்சா கன்டெய்னருக்குள்ள இருக்கற எம்பிஐயும் வெளிய இருக்கற எம்பிஐயும் ஒத்துப்போகணும், இன்ஃபினிபேண்ட் லைப்ரரி உள்ள தெரியணும். தெரியலன்னா சத்தமில்லாம சாதாரண நெட்வொர்க்ல ஓட ஆரம்பிச்சிரும், எர்ரர் வராது, முப்பது மணி நேர ரன் எப்ப முடியும்னே தெரியாது. இதெல்லாம் தீர்க்க முடியாத பிரச்சனைன்னு நான் சொல்லல. ஒரு ஆள் உக்காந்து ஒரு தடவை தீர்த்தா முன்னூறு பேருக்குத் தீரும். நீங்க அந்த ஒரு ஆள் வேலையை எடுத்து முன்னூறு பேர்கிட்ட தனித்தனியா குடுத்துட்டீங்க.

யூசர்ஸ் பாத்துக்கறதுன்னா நடைமுறைல என்ன ஆகும்னு எங்க லேப்லயே ஒரு தடவை பாத்திருக்கோம். நான் சேர்ந்த புதுசுல எங்க சீனியர் ஒருத்தர் அவர் ஹோம் டைரக்டரில ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தார், எல்லா லைப்ரரியும் அதுல. லேப்ல அத்தனை பேர் ஸ்கிரிப்ட்டும் அங்கதான் போகும். அவர் தீசிஸ் முடிச்சு வேலைக்குப் போயிட்டார், மூணு மாசத்துல அக்கவுண்ட் முடிஞ்சு ஹோம் அழிஞ்சுது, சென்டர் விதிப்படிதான் அழிஞ்சுது, அதுல தப்பில்ல. ஆனா அன்னைக்கு ஆறு பேரோட வேலை ஒரே நேரத்துல நின்னுச்சு. அவர் எந்த ஆப்ஷன்ல கட்டினார்னு எழுதி வெக்கல, போன்ல கேட்டா அவருக்கும் ஞாபகம் இல்ல. அப்ப சென்டர்லேருந்து எங்களுக்குச் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா, பர்சனல் இன்ஸ்டலேஷனை நம்பாதீங்க, மாட்யூலை யூஸ் பண்ணுங்கன்னு. அந்த அறிவுரையைக் கேட்டு மாட்யூலுக்கு மாறினவங்கதான் இன்னைக்கு முழுசா மாட்டியிருக்கோம்.

இன்னொண்ணு. ஸ்லர்ம்ல ஜாப் போடறப்போ நம்ம லாகின் ஷெல்லோட சூழல் அப்படியே ஜாப்போட போகும், டீஃபால்ட்டே அதுதான். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி க்யூல போட்டு வெச்சிருந்த ஜாப் எல்லாம் பழைய லைப்ரரி பாத்தைச் சுமந்துக்கிட்டு திங்கக்கிழமை எழுந்துச்சு. பக்கத்து லேப்ல ஒருத்தர் இருபத்தி நாலு ஜாப் வரிசையா விட்டிருந்தார், எல்லாம் ஒரு நிமிஷத்துல காலி. ஆனா செத்த ஜாப்புங்களைப் பத்தி எனக்கு அவ்ளோ பயம் இல்ல, செத்தா தெரியும். சாகாததுதான் பயம். மாட்யூல் லோட் ஃபெயில் ஆனா ஒரு எர்ரர் வரிய எழுதிட்டு ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போயிரும், நிக்காது. எங்க போஸ்ட் ப்ராசஸிங் ஸ்கிரிப்ட் ஒண்ணு பைதான் மாட்யூல் கிடைக்காம ஓஎஸ்ஸோட வந்த பைதானை எடுத்து ஓடிருக்கு, பாதிக்கு மேல பேக்கேஜ் இல்லாம ஃபைலையே எழுதாம "முடிஞ்சுது"ன்னு பச்சையா காட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஃபோல்டர் காலியா இருக்கறத பாத்துத்தான் தெரிஞ்சுது. ஸ்கிரிப்ட் ஆரம்பத்துல லோட் ஆனதை எல்லாம் கழட்டற மாட்யூல் பர்ஜ் போடணும், வெர்ஷன் நம்பரோட லோட் பண்ணணும், எர்ரர் வந்தா நிக்கணும்னு செட் பண்ணணும், இதெல்லாம் நாங்களும் செஞ்சிருக்கணும்தான், அது எங்க பக்கம் குறை. எங்கள்ல பாதிப்பேர் வெர்ஷன் போடாம வெறும் பேரை மட்டும் எழுதியிருந்தோம். ஆனா இத சொல்லிக்குடுக்க நாலு வருஷத்துல சென்டர் ஒரு வகுப்பு கூட வெக்கல. நாங்க கத்துக்கிட்டது எல்லாம் சீனியர் ஸ்கிரிப்டை காப்பி பண்ணித்தான்.

பழைய அமைப்பும் பிரமாதம்னு நான் சொல்ல வரல. எல்லாம் ஒரே தட்டுல கொட்டி வெச்ச மாதிரி இருக்கும், இன்டெல் கம்பைலர்ல கட்டின நெட்சிடிஎஃப்பையும் ஜிசிசி கம்பைலர்ல கட்டின ஓபன் எம்பிஐயையும் ஒண்ணா லோட் பண்ணாலும் ஒண்ணும் சொல்லாது. எல்மாட்ல அடுக்கு முறை இருக்கு, கம்பைலரை லோட் பண்ணாத்தான் அதுல கட்டின எம்பிஐ கண்ணுக்குத் தெரியும், அத லோட் பண்ணாத்தான் அதுல கட்டின லைப்ரரி தெரியும், கம்பைலரை மாத்தினா மேல இருக்கறது எல்லாம் தானா மாறும், இல்லாததை இல்லன்னு சொல்லும். எங்க என்ன இருக்குன்னு தேட ஸ்பைடர்னு ஒரு கமாண்ட். புதுசா செய்யறப்போ அப்படிச் செஞ்சிருந்தா நான் இன்னைக்கு நன்றி மடல் எழுதியிருப்பேன்.

ஆள் இல்லங்கறதுதான் உண்மையான காரணம்னு எனக்குத் தெரியும். கிளஸ்டரை ரெண்டே பேர் பாத்துக்கறாங்க, அதுல ஒருத்தர் கான்ட்ராக்ட். ராத்திரி பதினொரு மணிக்கு ஏசி நின்னா அவர்தான் ஓடி வர்றார். அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்க ரெண்டு பேர் மேல இந்த மொத்த பாரத்தையும் ஏத்தி வெச்ச கமிட்டி மேலதான். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு 2015-ல 4500 கோடி ஒதுக்கினாங்க, திருச்சி என்ஐடில 2022-ல பரம் பொருள்ங்கற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தப்போ 838 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ்னா செகண்டுக்கு லட்சம் கோடி கணக்கு) வேகம்னு சொன்னாங்க, நம்ம கிளஸ்டர் சின்னது, ஆனா நம்மளும் திறப்பு விழால டெராஃப்ளாப்ஸ் கணக்குதான் சொன்னோம். அந்த டெராஃப்ளாப்ஸை ஒரு ஆராய்ச்சியாளர் கைக்குக் கொண்டு வந்து சேர்க்கறது சாஃப்ட்வேர் மரம்தான். அதுக்கு பட்ஜெட்ல ஒரு வரியே இல்ல.

காசு கொட்டணும்னு கூட இல்ல. டூல் எல்லாம் இலவசம். அமெரிக்கால லாரன்ஸ் லிவர்மோர் லேப்ல டாட் காம்ப்ளின் ஆரம்பிச்ச ஸ்பாக் இருக்கு, பெல்ஜியத்துல கென்ட் யூனிவர்சிட்டிலேருந்து வந்த ஈசிபில்ட் இருக்கு, என்ன வேணும்னு எழுதிக் குடுத்தா சார்ந்த லைப்ரரி எல்லாத்தையும் இழுத்துக் கட்டி மாட்யூல் ஃபைலையும் அதுவே எழுதிரும். எந்த ஆப்ஷன்ல கட்டுச்சுங்கறதும் பதிவா நிக்கும், சீனியர் ஞாபகத்தை நம்ப வேண்டாம். கனடால நாடு முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்கு கிளஸ்டர் நடத்தற அமைப்பு மொத்த சாஃப்ட்வேரையும் வருஷத்தைப் பேரா போட்டு வைக்கறாங்க, ஸ்டாண்டர்ட் என்விரான்மென்ட் 2020, அப்புறம் 2023-னு. புதுசு டீஃபால்ட் ஆனாலும் பழசு வேணும்னா அந்த வருஷத்தை லோட் பண்ணா போதும், அந்த உலகம் அப்படியே வரும். பாதி தீசிஸ்ல இருக்கறவங்க அதுலயே முடிச்சிட்டுப் போகலாம்.

ஒரு மாட்யூலை எடுக்கப்போறோம்னு முன்கூட்டியே சொல்றதுக்குக் கூட வழி அதுக்குள்ளயே இருக்கு. என்விரான்மென்ட் மாட்யூல்ஸ்ல இந்தத் தேதிக்கு அப்புறம் லோட் ஆகாதுன்னு ஒரு வரி எழுதலாம், அந்தத் தேதி நெருங்கறப்போ லோட் பண்றவங்களுக்கு தானா எச்சரிக்கை காட்டும். எல்மாட்ல ஒரு ஃபைல்ல மாட்யூல் பேரும் செய்தியும் எழுதினா லோட் பண்றப்போ எல்லாம் அந்த செய்தி வரும். யார் எந்த மாட்யூலை எத்தனை தடவை லோட் பண்றாங்கன்னு பதிவு எடுக்கறதும் எல்மாட் டாக்குமென்ட்லயே சொல்லியிருக்கு. அத எடுத்திருந்தா நெட்சிடிஎஃப்பை அழிக்கலாமா வேண்டாமான்னு உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

இப்ப நான் கேக்கறது.

அழிச்ச மரம் பேக்கப்ல இருக்குன்னு கேள்விப்பட்டேன். அத ஒரு வாரத்துக்குள்ள ரீட் ஒன்லியா ஒரு தனி இடத்துல திரும்ப வைங்க, பழசு வேணுங்கறவங்க மட்டும் மாட்யூல் யூஸ்னு கமாண்ட் குடுத்து சேர்த்துக்கறோம், புது லிஸ்ட்ல கலக்க வேண்டாம். குறைஞ்சது ஒரு வருஷத்துக்கு இருக்கட்டும். புது டிரைவரோட எம்பிஐ ஒத்துவரலன்னா, சென்ட்ஓஎஸ் 7-ஓட அந்தப் பழைய மரத்தையும் சேர்த்து ஒரு கன்டெய்னர் இமேஜை சென்டரே கட்டி, நாலு நோடுல ஓடுதான்னு சோதிச்சு, எப்படி ஓட்டணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. சோதிக்க நான் வர்றேன், என் பதினொரு ரன்னோட நம்பர் என்கிட்ட இருக்கு, ஒத்துப் பாத்துச் சொல்றேன்.

யூசர்ஸ் பாத்துக்கணும்ங்கற அந்தப் பாலிசியை திரும்ப வாங்குங்க. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் கேட்டு, அதிகமா வேணுங்கற இருபது சாஃப்ட்வேரை மட்டும் எடுத்துக்குங்க, ஸ்பாக்ல கட்டறீங்களோ ஈசிபில்ட்ல கட்டறீங்களோ அது உங்க விருப்பம், எல்மாட் அடுக்கு முறைல வருஷப் பேரோட வைங்க. அடுத்த செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்குள்ள. கட்டற வேலைல உக்கார எங்க லேப்லேருந்து ரெண்டு பேர், பக்கத்து லேப்லேருந்து ஒருத்தர், வாரத்துல ஒரு நாள் வர்றதா ஒத்துக்கிட்டோம்.

இனிமே எந்த மாட்யூலை எடுக்கறதா இருந்தாலும் தொண்ணூறு நாள் முன்னாடி அறிவிப்பு வேணும், மெயில்ல மட்டும் இல்லாம லோட் பண்றப்பவே ஸ்கிரீன்ல வரணும். டீஃபால்ட் வெர்ஷனை மாத்தினா அன்னைக்கே எழுதி வெக்கணும். மெயின்டனன்ஸ் முடிஞ்சா க்யூல நின்ன ஜாப்பை எல்லாம் அப்படியே விடாம ஹோல்ட்ல வெச்சு யூசரைக் கேட்டு விடுங்க.

சாஃப்ட்வேர் மட்டும் பாத்துக்கறதுக்கு ஒரு நிரந்தரப் பதவி அடுத்த பட்ஜெட்ல போடுங்க. கான்ட்ராக்ட் வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருத்தர் மாறினா எதுவும் நிக்காது. கமிட்டில ஒரு ஸ்டூடண்ட் யூசருக்கு இடம் குடுங்க. இந்த மாற்றத்தால திரும்ப ஓட்ட வேண்டி வந்தவங்களுக்கு அந்த கோர் மணி நேரத்தை அவங்க கணக்குல கழிக்காதீங்க, க்யூல கொஞ்சம் முன்னுரிமையும் குடுங்க. எனக்கு இன்னும் 34 நாள்தான் இருக்கு, என்னை மாதிரி ரிவிஷன்ல மாட்டினவங்க இன்னும் அஞ்சு பேர் எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சிரும். அதுக்கு முன்னாடி கிளஸ்டர் யூசர்ஸ் எல்லாரையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. இந்த மடலுக்கு பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்துல பதில் குடுங்க, முடியும்னா எப்போன்னு, முடியாதுன்னா ஏன்னு.

இப்படிக்கு,
நாலாவது வருஷ ஆராய்ச்சி மாணவி, கிளஸ்டர் யூசர்